மூன்றாம் சோதனைப் படம்

ஆட்களை ஸ்கேன் எந்திரத்துக்குள் தள்ளுவதுதான் பதினாறு வருஷமாக லியோனி பர்ட்டனின் வேலை. “நாங்க படம்தான் எடுப்போம், டாக்டர் சொல்வாரு” என்பதை ஹோபார்ட் நகரத்தில் பாதிப் பேரிடமாவது சிரித்த முகத்தோடு சொல்லியிருப்பாள். நரம்பின் உறையை உடம்பே அரித்துத் தின்னும் அந்தப் பாழாய்ப்போன நோய் அந்தக் குளிர் ஊரில் கொஞ்சம் அதிகம். படத்தில் விழும் அதன் வெள்ளைப் புள்ளிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடையாளம் காட்டுவாள்.

ஆகஸ்டில் ஒருநாள் ஒற்றைச் செருப்போடு குப்பைத்தொட்டிவரை போய்த் திரும்பினாள். வலது கால் செருப்பு வழியில் கழன்றதே தெரியவில்லை. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் படம் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்தார். எடுத்தவள் கூட வேலை பார்க்கும் ரேலீன். பதினோரு வருஷமாக ஒரே மேசையில் சிப்பிக்கறி அடைத்த ஸ்காலப் பை தின்ற சிநேகிதி. மூன்று வருஷமாகத் திங்கட்கிழமை தவறாமல், “கைகால் நல்லாயிருக்காடீ?” என்று விசாரிப்பவள்.

ஊசி மருந்து ஏற்றி எடுத்த கடைசிப் படமும் முடிந்தது. லியோனி நொண்டிக்கொண்டே கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், ரேலீன் இருந்த இடத்துக்கு வந்தாள்.

“டாக்டர் சொல்வாருடீ.” ரேலீன் திரையை அணைக்கப் போனாள்.

“எங்கிட்டயேவா? கையை எடு.”

மூளையில் ஒன்பது புள்ளிகள், கழுத்துத் தண்டுவடத்தில் ஒன்று. கழுத்தில் இருந்தது மட்டும்தான் ஊசி மருந்துக்கு மின்னியது. புதுப்புள்ளிதான் மின்னும், பழசு மின்னாது. அப்படியானால் மற்ற ஒன்பதும் எப்போது வந்தன?

புது எந்திரம் வந்தால் படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க ஊழியர்களே உள்ளே படுப்பது வழக்கம். அந்தப் படத்துக்குப் பெயர் போட மாட்டார்கள், எண் மட்டும்தான். டாக்டரும் பார்ப்பதில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு மூன்றாம் எண் படத்துக்கு லியோனி படுத்திருந்தாள். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் ரேலீன்.

“சோதனை மூணைத் திற.”

“அதெல்லாம் எப்பவோ அழிச்சிருப்பாங்க...”

“திறடீ!”

அழிக்கவில்லை. நான்கு புள்ளிகள் பளிச்சென்று இருந்தன. நேற்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கும் தெரிந்திருக்கும்.

“அன்னிக்கே பாத்துட்டியா?”

ரேலீன் அழ ஆரம்பித்தாள். “சோதனைப் படத்தைப் பத்திப் பேச மாட்டோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோமே. நீயும் மலை ஓட்டத்துக்குப் பேர் குடுத்துட்டுத் துள்ளிக்கிட்டு இருந்தே. எந்த வாயால சொல்றது?”

“ஒரு டாக்டரைப் பாருன்னு சொல்ல அந்த வாய் போதாதா? மூணு வருஷம் மருந்து எடுத்திருப்பேன். இந்தக் கழுத்துப் புள்ளி வராமலே போயிருக்கலாம்.”

லியோனிக்கு நோய்கூடப் பிறகுதான். அத்தனை திங்கட்கிழமை விசாரிப்பையும் அன்பு என்றல்லவா நம்பித் தொலைத்தாள்! ரேலீனோ பக்கத்திலேயே உட்கார்ந்து, இவள் எப்போது விழுவாள் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“வலது கால் போச்சு ரேலீன். இனிமே திங்கக்கிழமை கேக்க வேண்டாம்.”