நம்ம துணிதான்

துணி எல்லை தாண்டிப் போகும். அங்கே சட்டையாகி இங்கே திரும்பும். திரும்பினால் தையல் கூலிக்கு மட்டும்தான் வரி. ஆனால் போன துணிதான் வந்திருக்கிறது என்று சுங்கத்தில் நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் முழு வரியையும் அழ வேண்டியதுதான். அதற்காக ஒவ்வொரு சுருளிலும் ஒரு துண்டு வெட்டி, அட்டையில் ஒட்டி, முத்திரை வாங்கி வைப்பது அக்காவின் வேலை.

அந்தச் சட்டைகளைத் தைக்கும் கம்பெனியில்தான் தங்கை இருந்தாள். அவள் கிளம்பிய அன்று அக்கா வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டாள்.

"கைக்குழந்தையோட நான் தனியா அல்லாடுறேன். நீ போறியா? போனவ போனவளாவே இரு."

நரம்பில்லாத நாக்கு, என்னதான் பேசாது! தங்கையும் லேசுப்பட்டவள் இல்லை, அப்படியே இருந்துவிட்டாள். ஒரு போன் கிடையாது. அக்காவுக்கும் வீம்பு. திரும்பி வரும் சட்டைகளை மட்டும் தடவித் தடவிப் பார்ப்பாள், எது அவள் தைத்ததோ என்று.

அன்றைக்கு வந்தது மஞ்சள் கட்டம் போட்ட சட்டைகள். பெட்டியைப் பிரித்த சுங்க அதிகாரியம்மா, சட்டைகளுக்கு அடியிலிருந்து ஒரு குட்டிக் கவுனை உருவினார். அதே மஞ்சள் கட்டம், வெட்டியது போக மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்தது. கழுத்துப் பட்டியின் உள்ளே சிவப்பு நூலில் பின்னிய ஒரு குண்டூசிப் படம். அக்காவின் மகள் பிறந்தபோது ஒல்லியாக இருந்தாள் என்று 'குண்டூசி' எனப் பட்டம் வைத்தவளே தங்கைதான்.

"இது பட்டியல்ல இல்லையேம்மா. இப்படி இருந்தா மொத்தப் பெட்டியையும் நிறுத்தணும். தெரியாம விழுந்ததுன்னு சொல்லுங்க, இதை மட்டும் எடுத்து அழிச்சிடலாம்."

ஒரு வார்த்தை சொன்னால் பெட்டி தப்பிக்கும். அக்காவின் வேலையும்தான்.

"தெரியாம விழல மேடம். என் தங்கச்சி என் மகளுக்குத் தைச்சது."

அதிகாரி முகத்தைச் சுளித்தார். அட்டையை எடுத்து, கவுனைப் பக்கத்தில் வைத்து, லென்ஸால் வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம துணிதான். போனதுதான் திரும்பி வந்திருக்கு. ஒரு உருப்படி கூடுதல்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முதலாளிகிட்டயும் சொல்லிடுங்க." கவுனை அவரே மடித்துக் கொடுத்தார்.

முதலாளி பத்து நிமிஷம் கத்திவிட்டு, எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்.

வீட்டில் குண்டூசிக்குப் போட்டுப் பார்த்தால் தலையே நுழையவில்லை.

"அம்மா, இது பொம்மைக்கா?"

இடுப்பில் இருந்த குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தங்கையின் மனதில் அவள் வளரவே இல்லை. அக்கா வாய் திறக்காமல் தங்கைக்கு யார் சொல்லியிருப்பார்கள், பாவம்?

போனைப் போட்டாள். மணி முழுசாக ஒருதரம் அடிக்கவில்லை.

"அக்கா?"

"கவுன் வந்துச்சுடி. பத்தல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "அளவு சொல்லுக்கா, எழுதிக்கிறேன்."

அக்கா அளவு நாடாவைக் குழந்தையின் தோளில் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

"நான் சொல்ல மாட்டேன். நீயே வந்து அளவெடு."