நெளிகோடு போடுகிறவர்

டீ டம்ளரை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, எதுவரை ஊற்றியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே துலுக்கானம் வாய் வைப்பார். சுவர்க் கடிகாரத்தையும் நம்பமாட்டார். வருகைப் பதிவேட்டில் ~8.10 என்றுதான் எழுதுவார்.

அம்பத்தூரில் எங்கள் பட்டறையில் அளவு பார்ப்பவர் அவர். கடைந்து வரும் இரும்புப் பின்களை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்துத் தாளில் எழுதவேண்டும். சந்தேகம் வந்தால் எண்ணுக்கு முன்னால் புழு மாதிரி ஒரு நெளிகோடு. என்னவென்று ஒருநாள் கேட்டேன்.

"உத்தேசம்னு அர்த்தம்மா. நானே முழுசா நம்பல, நீயும் நம்பாதன்னு சொல்றது."

தன் வயதையும் ~54 என்றே கொடுத்திருக்கிறார். "எங்கம்மா சொன்னது. பொறக்கசொல்லோ நான் பாத்துகினா இருந்தேன்?"

புது எந்திரத்தோடு வந்த ஸ்பானிய மொழிப் புத்தகத்தில் ஓர் எழுத்தின் தலைமேல் அதே கோடு இருந்தது. உச்சரிப்பு மாறுவதற்காம். அவர் ஒப்பவில்லை. "எழுத்தயே நம்பாத ஆளுங்க போல கீது" என்று மரியாதையாக மூடிவைத்தார்.

போன செவ்வாய்க்கிழமை மைக்ரோமீட்டரின் ஓரத்தில் புதிதாக ஒரு கீறல்.

"இத்த யாரோ கீழ போட்டுக்கீறாங்க."

ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பெட்டி கட்டிக்கொண்டிருந்த என்னையும் விடவில்லை. கீழே விழுந்த கருவி காட்டும் அளவை நம்ப முடியாது. அன்று அனுப்பவேண்டியது லிஃப்ட் பிரேக்கில் மாட்டும் பின்கள், நாற்பது. நாற்பது அளவுகளுக்கு முன்னாலும் நெளிகோடு போட்டுவிட்டார்.

மேலாளர் கார்த்திகேசன் நெளிகோடுகள் இல்லாமல் வேறு தாள் அச்செடுத்து வந்தார். வாசலில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணாத்தே, நாப்பது பாம்ப பாத்தா வாங்குறவன் ஓடிடுவான். இதுல கையெழுத்து போடு."

"வேற மைக்ரோமீட்டர் வரட்டும் சார். ஒரு மணி நேரம். லிஃப்ட்ல ஏறுறது மனுசன்."

"போடலன்னா நாளைலேர்ந்து வராத."

துலுக்கானம் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பேனாவை உதறினார். தன் பெயரை ஓர் எழுத்து விடாமல் நிதானமாக எழுதினார். பிறகு பேனாவை இடப்பக்கம் கொண்டுபோய், பெயருக்கு முன்னால் அந்த நெளிகோட்டை இழுத்தார்.