கட்டிப்பிடிக்கும் விதி

அப்பாவும் பெரியப்பாவும் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இரண்டு நாள் சேர்ந்து அகப்பட்டுக்கொண்டது மழையின் வேலை. போடிமெட்டுப் பாதையில் மண் சரிந்து ஜீப்புகள் இறங்க முடியவில்லை. தோட்டத்தைப் பாகம் பிரிக்க வந்தவர்கள் அவர்கள். ஓடைக்கரைச் சரிவு யாருக்கு என்பதில் பேச்சு நின்று ஏழு மாதம் ஆகியிருந்தது. ஒரே அறையில் இருந்துகொண்டே, "உங்க பெரியப்பாவுக்குச் சுடுதண்ணி வேணுமான்னு கேளு பாப்பா" என்பார் அப்பா. அது பெரியப்பா காதில் நன்றாக விழும். ஆனாலும் ஒன்பது வயதுத் தூதரான நான் போய்ச் சொன்ன பிறகுதான் பதில் வரும்.

விடுதியில் படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகள், என் அக்கா, ஒரு விளையாட்டு கொண்டுவந்திருந்தாள். தோழியின் அண்ணன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த புத்தகத்தைப் பார்த்து விதிகளை நோட்டில் எழுதியிருந்தாள். ஆளுக்கொரு வீரன். அவன் உயிர் ஐந்து ஏலக்காய். தாயக்கட்டையில் நாலுக்கு மேல் விழுந்தால் வெட்டு, எதிராளிக்கு ஒரு காய் போகும். வெட்டாமல் வித்தையும் காட்டலாம். வாளைத் தட்டிவிடலாம், காலை இடறிவிடலாம், கட்டிப்பிடிக்கலாம். வித்தையால் காய் எதுவும் போகாது. போதாததற்கு, எதிராளியின் வாளுக்கு அருகே நெருங்க வேண்டியிருப்பதால் முதலில் அவனுக்கு ஒரு வெட்டு இனாம். அதில் தப்பிக் கட்டிப்பிடித்துவிட்டால், ஒருவர் விலகும்வரை இருவருமே வாள் வீச முடியாது. சுத்தப் பைத்தியக்கார விதி என்று நினைத்தேன். நான் வெட்டு மட்டும்தான் ஆடுவேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் பொழுது போகாமல் பெரியவர்கள் இருவரும் சாக்கில் உட்கார்ந்து கட்டையைக் கையில் எடுத்தார்கள். ஜெயிப்பவருக்குத்தான் ஓடைக்கரை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். நான் குளிக்கிற குழி அந்த ஓடையில்தான் இருந்தது. சாக்கின் ஓரத்தில் ஒட்டி உட்கார்ந்து ஒவ்வொரு உருட்டையும் எண்ணினேன்.

இருவரும் வெட்டு வெட்டென்று வெட்டினார்கள். கடைசியில் ஆளுக்கு ஒரு காய் மிஞ்சியது. முறை பெரியப்பாவுடையது. ஒரு நல்ல உருட்டு விழுந்தால் அப்பாவின் கதை முடிந்தது.

பெரியப்பா கட்டையை உருட்டாமல் அப்பா பக்கம் நகர்த்தினார்.

"நான் கட்டிப்பிடிக்கிறேன்."

"பெரியப்பா, அப்பாவுக்கு மொத வெட்டு இனாம். பட்டுச்சுன்னா நீங்க அவுட்டு" என்றேன்.

"தெரியும் பாப்பா."

அப்பா கட்டையை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதை மெதுவாகச் சாக்கின் மேல் வைத்தார்.

"எனக்கு வெட்டு வேண்டாம்ணே."

என் வழியாக வராமல் அவர்களுக்குள் நடந்த முதல் பேச்சு அது. "சரிடா தம்பி" என்றார் பெரியப்பா. உருட்டித்தான் ஆக வேண்டும், அதுதான் விதி என்று நான் கத்தினேன். யாரும் காதில் வாங்கவில்லை. அக்கா என் வாயைப் பொத்தினாள்.

மறுநாள் பாதை சரியானது. வந்த ஜீப்புகள் இரண்டு. அண்ணனும் தம்பியும் முதல் ஜீப்பில் ஏறிக்கொண்டு, எங்களைப் பின்னால் வரச் சொன்னார்கள். அதன் பிறகு பெரியப்பா காலமாகும்வரை தோட்டத்தைப் பாகம் பிரிக்கச் சங்கிலி பிடித்து அளக்க யாரும் வரவில்லை.

அன்றைக்கு எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கைக்கு வந்த ஓடையை அப்பா விட்டுக்கொடுத்துவிட்டாரே என்று போடி வந்து சேரும்வரை அழுதேன். ஜீப்பு குலுங்கக் குலுங்க, அக்காவின் நோட்டில் கட்டிப்பிடிக்கும் விதிக்கு நேரே பென்சிலால் எழுதினேன்: அப்பாவுக்கு விளையாடத் தெரியவில்லை.