முடக்கத்தான் தோசை

குன்றக்குடி முருகன் கோயில் மலையடிவாரத்தில் நானும் என் மனைவியும் பலகாரக் கடை வைத்திருக்கிறோம். தோசைக்கல் என் பொறுப்பு, பேச்சு அவள் பொறுப்பு. வந்தவர் முகத்தைப் பார்த்தால் எனக்குப் பேச வாய் வராது.

போன மாதம் முடக்கத்தான் தோசை போட்டுப் பார்க்க ஆசைப்பட்டேன். வேலியில் படர்ந்து, பலூன் மாதிரி காய் தொங்கவிடுமே, அந்தக் கொடிதான். ஊறிய புழுங்கலரிசியையும் உளுந்தையும் வெந்தயத்தோடு ஆட்டி, இலையைப் பச்சையாக அரைத்துக் கலக்க வேண்டும். மாவில் பச்சிலை வாடை தூக்கலாக இருக்கும். நல்லெண்ணெய் விட்டு முறுக விட்டால் அது போய், ஒரு தனி வாசம் வரும்.

யாரும் வாங்கவில்லை. “பேரே பயமா இருக்கு. திங்கிறவுகளை முடக்கிப் போட்டுருமா?” என்று ஒருவர் சிரித்தார். முடக்கை அறுப்பதால் முடக்கறுத்தான், அதுவே பேச்சில் முடக்கத்தான் ஆயிற்று என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் இட்லி தின்று கைகழுவிவிட்டார்.

மூன்றாம் நாளும் மாவு மிஞ்சியது. “கார்த்திகைக் கூட்டத்துல விக்கலைன்னா இனி இந்த மாவை ஆட்டாதீக” என்றாள் மனைவி.

கார்த்திகையன்று அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரம், மலையிறங்கி நாலைந்து பெண்கள் வந்தார்கள். ஒரு அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தார்.

“அண்ணே, என்ன இருக்கு?” என்று கேட்டார்.

பதில் சொல்ல வேறு ஆளில்லை. கல்லைப் பார்த்தபடியே சொன்னேன்: “முடக்கத்தான் தோசை இருக்கு. கைகால் முடக்கத்தை அறுக்கும்னுதான் அந்தப் பேரு. முழங்காலுக்கு நல்லதும்பாக.”

“கல்லுக்கா சொல்றீக, எனக்கா? அதுக்கு ஏது முழங்காலு?”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒன்று சுட்டு, தக்காளிச் சட்னியோடு வைத்தேன். அவர் பிய்த்து வாயில் போட்டு, கண்ணை மூடி மென்றார். நான் தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“கசக்கவே இல்லையே! ஏடி, ஆளுக்கு ரெண்டு முழங்கால் தோசை சொல்லுங்கடி!”

தோசை தின்ற கையோடு எந்த முழங்காலும் சரியாகிவிடாது. அவர் எழுந்தபோதும் “அய்யோ முருகா” என்றுதான் எழுந்தார். ஆனால் வழியில் வந்தவர்களிடமெல்லாம் எங்கள் கடைப்பக்கம் கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டு போனார்.

குடத்தோடு திரும்பிய மனைவி கூட்டத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். “என்ன சொன்னீக இவுககிட்ட?”

“பேரைச் சொன்னேன்.”

நம்பாமல் பார்த்தாள். பிறகு மாவுச் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, “இது பத்தாதுங்க. நாளைக்கு இன்னும் ஒரு படி சேத்து ஊறப்போடுறேன்” என்றாள்.