நஸீபா தண்ணீரில் இறங்கிய வெள்ளிக்கிழமை

நஸீபாவின் புருஷன் ஆசிக்குக்குச் சவூதியில், தம்மாமில் ஏசி மெக்கானிக் வேலை. ஆனால் ஆள் குடியிருந்தது என்னவோ ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டு அடுப்படியில், உப்பு ஜாடிக்கும் புளிப்பானைக்கும் நடுவில்தான். போனைச் சாத்திவைக்க நஸீபா ஒதுக்கிய இடம் அது. காலையில் போட்ட வீடியோ கால், அவன் ஏணியில் நிற்கிற நேரம் போக, ராத்திரி கண் அசரும்வரை ஓடும். அவள் மீன் அலசுவதை அவன் பார்ப்பான், அவன் குப்பூஸ் ரொட்டியைப் பிய்ப்பதை இவள் பார்ப்பாள். "என்ன ஒத்துமை, கண்ணு பட்டுரக் கூடாது" என்று தெருவே மெச்சியது. மெச்சாமல் என்ன செய்யும்! கூடவே இருந்து மல்லுக்கு நிற்கிற புருஷன்மார் வாய்த்த தெரு அது.

பேச்சுதான் வற்றிப்போயிற்று. எல்லாவற்றையும்தான் பார்த்தாயிற்றே, சொல்ல என்ன மிச்சம்?

பகலில் அவளுக்கு நைட்டி தைக்கிற வேலை. ராஜபாளையத்திலிருந்து வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும். தையல் மிஷின் மேலேயும் போன் நிற்கும். ஒரு கண் ஊசியில், ஒரு கண் ஆசிக்கில். கழுத்து பிடித்தது, தோள் இறுகியது, தூக்கம் போயே போச்சு. முன்னெல்லாம் அவள் சிரித்தால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். இப்போது உதட்டை விரிப்பதோடு சரி. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பில் ஒன்றுமில்லை, தினமும் நட என்றார்.

நடந்தாள், பாவம். ஆசிக்கை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டே நடந்தாள். "ஏட்டி, பின்னால மாடு வருது, ஒதுங்கு!" என்று தம்மாமிலிருந்து அவன் கத்தியிராவிட்டால் அன்றைக்கு முட்டுப்பட்டிருப்பாள். முதுகிலும் கண் வைத்திருந்த ஒரே பெண் இவள்தான், அந்தக் கண் சவூதியில் இருந்தது.

நமக்குச் சிரிப்பு வரலாம். அவளுக்கு அழுகைதான் வந்தது. போனை வைத்துவிட்டுச் சும்மா கொஞ்ச நேரம் இருக்க வேண்டும்போல் இருந்தது. அந்த நினைப்பே பெரிய பாவம்போலவும் இருந்தது. வெயிலில் காய்ந்து வந்து, தன் முகத்தைப் பார்த்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனுஷன். "வச்சிரவா?" என்று கேட்டால் மனசு ஒடிந்துபோவான். ஒடிந்த மனசு தன்னைவிட்டு விலகிப்போகாது என்று யார் கண்டது?

வேலுத்தாய் அவளோடு கூலிக்குத் தைக்கிறவள். அவள் புருஷன் செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குக் காவல். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் துணிக்கட்டை இறக்க வந்தவள், கழுத்தைத் திருப்ப முடியாமல் நஸீபா உடம்போடு திரும்புவதைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னட்டி, கழுத்தா உலக்கையா? தோப்புக்கு வா. பம்புசெட்டுத் தொட்டில செத்த நேரம் கெட. ஆம்பளை ஒருத்தரும் வரமாட்டாக."

"மச்சான் லைன்ல இருக்காகளே அக்கா."

"அவியளையும் கூட்டிட்டு வா. தண்ணிக்குள்ள மட்டும் விட்டுராத!"

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த மாமியார் துண்டை எடுத்து வந்து நீட்டி, "போயிட்டு வா தாயி" என்றார்.

தோப்பில், தொட்டிக்குத் தள்ளி ஒரு தென்னை மூட்டில் போனை மல்லாக்கப் படுக்கவைத்தாள் நஸீபா. "மச்சான், பொம்பளைக குளிக்கிற எடம். செத்த நேரம் வானத்தப் பாத்துட்டு இருங்க." அவன் "சரிட்டி" என்றான். எதற்கும் சரி சொல்கிற ஆள்.

நைட்டியோடு இறங்கினாள். குழாய்த் தண்ணீர் நேராகப் பிடரியில் விழுந்தது. "யா அல்லா!" என்று அலறினாள். வேலுத்தாய் அவள் தலையைப் பிடித்து ஒரு அமுக்கு அமுக்கினாள். திணறி எழுந்த நஸீபா, தண்ணீரை வாரி வேலுத்தாய் மூஞ்சியில் அடித்தாள். வேலுத்தாய் வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தாள். அவ்வளவுதான், அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது சிரிப்பு. கண்ணில் நீர் வர, விக்கல் எடுக்கச் சிரித்தாள். இறுகிக் கிடந்த தோள் தானாக இறங்கியது. வலிக்காத ஒரு உடம்பு தனக்கு இருப்பதே அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. என்ன சுகம், என்ன சுகம்!

அப்புறம்தான் பகீரென்றது. ஈரக் கையோடு ஓடிப் போனை எடுத்தாள். லைன் அறுந்திருக்கவில்லை. ஆசிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"கோவமா மச்சான்?"

"நீ சிரிச்சதக் கேட்டுட்டு இருந்தேன்ட்டி. உன் சிரிப்பு எனக்கு மறந்தே போச்சு."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "நாள் பூராம் போனப் பாத்துப் பாத்து எனக்கு முடியல மச்சான். உங்களப் பிடிக்காம இல்ல, சத்தியமா இல்ல. கொஞ்ச நேரம் வச்சிட்டு இருக்கணும்போல இருக்கு."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கீழே எட்டிப் பார்த்தான்.

"ரூம்ல பயலுவ வெள்ளிக்கிழமையானா கடலுக்குப் போறானுவ" என்றான் மெல்ல. "என்னையும் கூப்பிடுவானுவ. நீ தனியா இருப்பியேன்னு, வயித்துவலின்னு சொல்லிட்டுக் கெடப்பேன். இப்பவும் வண்டி கீழ நிக்குது."

"அட கூறுகெட்ட மனுசா! எனக்காகவா?"

"நீ எனக்காகத்தான வைக்காம இருந்த?"

"ஓடுங்க! ஓடிப் போய் வண்டியப் பிடிங்க!"

அவனாகவே வைத்தான். கறுத்துப்போன திரையைப் பார்த்தபோது பயம் திரும்ப வந்தது. இப்படி வைத்து வைத்துப் பழகினால், கடைசியில் இரண்டு பேருக்கும் நடுவில் என்ன மிஞ்சும்? வேலுத்தாய் கூப்பிட்டாள். பயத்தோடேயே மறுபடி தண்ணீரில் இறங்கினாள்.

ராத்திரி அவள் இஷாத் தொழுகை முடித்து எழுந்தபோது அவன் கூப்பிட்டான். முகம் வெயிலில் சிவந்து, தலைமயிர் உப்பில் விறைத்து, கத்திக் கத்தித் தொண்டை கம்மிப்போயிருந்தது. அலை அடித்துச் செருப்பைக் கொண்டுபோன கதையை மூச்சுவிடாமல் சொன்னான். வேலுத்தாய் வழுக்கி விழுந்த கதையை இவள் சொன்னாள். ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடவில்லை.

பிறகு அவன் குரல் தணிந்தது. "தண்ணிக்குள்ள நிக்கையில மனசு உன்னையத் தேடுச்சுட்டி."

நாளெல்லாம் கண்ணெதிரே வைத்திருந்த காலத்தில் ஒரு தடவைகூட அவன் வாயில் வராத சொல். நஸீபா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவனுக்கு இருட்டுதான் தெரிந்திருக்கும்.

"எனக்குந்தான் தேடுச்சு" என்றாள். "தேடட்டும் மச்சான். நாளைக்கும் கொஞ்சம் தேடட்டும். இப்ப வைக்கட்டா?"