குழிக்குள் இறக்கிய குழாய்

ரிட்டயர்டு கண்டக்டர் நல்லகாமன் திருப்பரங்குன்றத்தில் வீடு கட்டியதும் ஆசைப்பட்டு வாங்கியது ஒரு மீன்தொட்டி. போர்வெல் தண்ணீரின் உப்புக்கு மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. மீனுக்கும் ஆகணும், குடிக்கவும் ஆகணும் என்று கடை கடையாக ஏறி இறங்கி ஓர் ஆர்.ஓ. மெஷினை மாட்டினார். அது ஒரு குடம் நல்ல தண்ணீர் தந்தால் மூன்று குடம் கழிவைத் தள்ளியது. இந்த ஊரில் தண்ணியைச் சாக்கடையில் விட எவனுக்கு மனசு வரும்? கழிவுக் குழாயை போருக்குப் பக்கத்து மழைநீர் சேகரிப்புக் குழிக்குள் இறக்கிவிட்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பெருமையாகக் காட்டினார்.

ஐந்து வருஷத்தில் மூன்று மெஷின்கள் உப்படைத்துப் போயின. கம்பெனிக்காரன் அத்தனை பேரும் களவாணிப் பயல்கள் என்று திட்டித் தீர்த்தார்.

நாலாவதை மாட்ட வந்த மெக்கானிக் அழகுபாண்டி, குழாய் போகும் வழியே நடந்துபோய்க் குழியருகே நின்றான்.

"என்னண்ணே, மெஷின் பிரிச்செடுத்த உப்பு அம்புட்டையும் திரும்ப போருக்கே அனுப்பியிருக்கீக!"

நல்லகாமன் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "அப்ப... குழாயை எடுத்துரவா?"

"எடுத்து என்னண்ணே பிரயோசனம்? இந்தத் தெருவுல அம்புட்டு வீட்டுலயும் இப்படித்தான் விட்டிருக்காக. கேட்டா, நீங்கதான் சொல்லிக்குடுத்தீகன்றாக."