இரண்டாம் முறை வரும் வரி

ரூத், ஜெபா, ஒரு பாட்டைக் கேட்க உங்கள் அப்பா குற்றாலத்தில் படும் அவஸ்தையைக் கேளுங்கள்.

ரூத் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடப்போகும் கான்டாட்டா என்ற ஆலய இசைப்பாடலின் ஒத்திகைப் பதிவு என் போனில் ஓடுகிறது. முந்நூறு வருடப் பழைய ஜெர்மன் பாட்டு, தமிழ் வார்த்தைகளோடு. ஒற்றைக் குரல், துணைக்கு ஜெபாவின் வயலின் மட்டும். நடுப்பகுதி முடிந்ததும் முதல் பகுதி திரும்பவும் வருகிறது. நீளம் அதிகம், அதை வெட்டிவிடு என்கிறாராம் பாடகர் குழுத் தலைவர். ரூத் என் பதிலுக்குக் காத்திருக்கிறாள். இங்கோ அருவி இரைச்சல், சிப்ஸ் கடை ஒலிபெருக்கி. சத்தத்தை முழுசாகக் கூட்டுகிறேன்.

“அண்ணாச்சி, நெட்டு சுத்துதோ? பிள்ள சொன்னதயே சொல்லுதே!” என்கிறார் டீக்கடைக்காரர்.

“பாட்டே அப்படித்தான் வே. ‘ஆண்டவரே இரங்கும்’னு ரெண்டாந்தரம் இன்னும் இழைச்சுப் பாடணும்.”

“இதுக்கு ஒரு பாட்டா? எங்க வீட்டுக்காரி தெனமும் சொன்னதயேதான் சொல்லுதா!”

கடையே சிரிக்கிறது. எரிச்சலில் பாதி டீயை வைத்துவிட்டு நான் ஓட்டிவந்த வேனுக்குள் போய்க் கண்ணாடிகளை ஏற்றிவிடுகிறேன். முழுசாகக் கேட்டு முடித்து, யாரும் இல்லையே என்று அந்த வரியை நானே பாடிப் பார்க்கிறேன். முதல் முறை வார்த்தை சரியாக வருகிறது. இரண்டாம் முறை அந்த ‘இரங்கும்’ கெஞ்சலாகவே வந்துவிடுகிறது.

‘வெட்டாதே’ என்று ரூத்துக்கு அனுப்புகிறேன்.